ரீமேப் செய்த டீசல் காருக்கு எந்தக் கிளட்ச் பொருந்தும்?

கேள்வி: எங்கள் ஊர் கோட்டையூர். 2015-இல் வாங்கிய போலோ ஜிடி டிடிஐ வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு இசியு ரீமேப் செய்து (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி இழுவையைக் கூட்டி), பெரிய இன்டர்கூலரும் மாற்றினேன். ரீமேப் செய்தவர் கொடுத்த தாளில் முறுக்குவிசை (டார்க்) 340 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. சில மாதங்களாகத் திருச்சி சாலையில் நான்காவது, ஐந்தாவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது. வண்டியின் வேகம் ஏறவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை கோவை கரி டிராக்கில் ஓட்டவும் ஆசை. செராமிக் பட்டன் வைத்த 'ஸ்டேஜ் 3' கிளட்ச்சும் ஒரே துண்டான சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரம்) போட்டுவிட்டால் ஒரு கவலையும் இல்லை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். வீட்டில் அப்பச்சியும் இதே வண்டியைத்தான் எடுக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 340 என்ற எண்ணைவிடக் கடைசிக்கு முந்தைய வரிதான். அப்பச்சி ஓட்டும் வண்டி என்றால், அது காலையில் காரைக்குடிக் கடைவீதியிலும் மாலையில் ஏதோ ஒரு கல்யாண வீட்டுத் தெருவிலும் அடிக்கு அடி நின்று நகரும் வண்டி. கிளட்ச்சைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கணக்கில் வர வேண்டியது அந்த நகர்வுதான்.

முதலில் நோயை உறுதிசெய்துகொள்வோம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி கிளட்ச் ஸ்லிப் ஆவதற்கே, அதாவது அதன் பிளேட் பிடிக்காமல் வழுக்குவதற்கே உரியது. ஆனாலும் அதை ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துப் பாருங்கள். ஆளில்லாத நேரான சாலையில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, நான்காவது கியரில் நிமிடத்துக்கு 1,700 சுற்று என்ற அளவில் மெல்ல ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதியுங்கள். முறுக்குவிசை உச்சத்தை நெருங்கும் 2,000 சுற்றை ஒட்டி முள் மட்டும் குபீரென்று தாவி, வேகம் பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். இரண்டு முறைக்கு மேல் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு சோதனையும் பிளேட்டின் ஆயுளைத் தின்கிறது. வழுக்குவது உறுதியானாலும் பிளேட் தேய்ந்ததுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் உள்தண்டின் சீலோ கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். அந்தக் கசிவை விட்டுவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த கிளட்ச் போட்டாலும் அதுவும் எண்ணெயில் நனையும்.

அடுத்தது, உங்கள் நண்பரின் பேச்சில் வரும் 'ஸ்டேஜ் 3' என்ற சொல். ஸ்டேஜ் 1, 2, 3 என்பவை எந்தத் தர அமைப்பும் வகுத்த அளவுகள் அல்ல. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் பெட்டிகளுக்குத் தாமே இட்டுக்கொள்ளும் பெயர்கள். ஒருவரின் ஸ்டேஜ் 2, இன்னொருவரின் ஸ்டேஜ் 1-ஐவிடக் குறைவாகத் தாங்கலாம். 'எத்தனை எச்பி தாங்கும்' என்று கேட்பதும் பயன் தராது. கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அதன் மேல் விழுவது முறுக்குவிசை மட்டுமே. ரீமேப் செய்த டீசல் கார்கள் பெட்ரோல் கார்களுக்கு முன்பே ஸ்லிப் ஆகத் தொடங்குவதும் அதனால்தான். டர்போ டீசலில் 2,000 சுற்றுக்குள்ளாகவே முழு முறுக்குவிசையும் ஒரே அடியாக வந்து இறங்குகிறது.

ஒரு கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கு எளிமையானது. லைனிங்கின் (பிளேட்டின் மேல் உராயும் படலம்) உராய்வுக் கெழு, பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராயும் முகங்களின் எண்ணிக்கை, பிளேட்டின் சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். ஒற்றைப் பிளேட்டுக்கு முகங்கள் இரண்டு. உங்கள் வண்டியின் கிளட்ச் அளவுகள் இவை என்று நான் சொல்லவில்லை. புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வெளிவிட்டம் 230 மில்லிமீட்டர், உள்விட்டம் 155 மில்லிமீட்டர் கொண்ட பிளேட்டின் சராசரி ஆரம் ஏறத்தாழ 0.096 மீட்டர். அழுத்தும் விசை 6,000 நியூட்டன் என்றும், சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் உராய்வுக் கெழு 0.27 என்றும் வைத்தால், அது தாங்குவது 311 நியூட்டன் மீட்டர். உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்தபோது கொடுத்த 250 நியூட்டன் மீட்டருக்கு இப்படி ஒரு கிளட்ச் தாராளமாகப் போதும். 340-க்கு அறவே போதாது.

இதே கணக்கில் இன்னும் ஓர் அடி உள்ளே போக வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. சூடு ஏறினால் ஆர்கானிக் லைனிங்கின் உராய்வு குறையும். 0.27 என்பது 0.22 ஆக இறங்கினால், அதே கிளட்ச் தாங்குவது 253 நியூட்டன் மீட்டர் மட்டுமே. நெரிசலில் ஊர்ந்து, சூடேறிப்போய், பிறகு நெடுஞ்சாலைக்கு வந்து முழுதாக மிதிக்கும் வண்டி வழுக்குவதும், காலையில் குளிர்ந்திருக்கும்போது அதே வண்டி ஒன்றும் நடக்காததுபோல் ஓடுவதும் இதனால்தான். நம் பக்கத்துச் சித்திரை வெயில்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கிளட்ச்சுக்குள் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டும் இடத்தில், வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது சிறிய வேறுபாடு. சூட்டை உண்டாக்குவது பாதி மிதித்த பெடல்.

அது எவ்வளவு சூடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது, பிளேட் முழுதாகப் பிடிக்கும் வரை வண்டி பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகிறது. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பிளேட் பிடித்துவிடும்படி மெல்லக் கிளம்பினால், அந்த வெப்பம் சுமார் 5 கிலோஜூல். எஞ்சினை உறுமவிட்டு, 20 கிலோமீட்டர் வேகம் வரும் வரை பிளேட்டை வழுக்கவிட்டுக் கிளம்பினால் 20 கிலோஜூல். வேகம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. கரி டிராக்கில் நீங்கள் சுற்றிவரும்போது கிளட்ச் பெரும்பாலான நேரம் முழுதாகப் பிடித்தபடியே இருக்கிறது. கியர் மாற்றும் நொடிகளில் மட்டுமே அதற்கு வேலை. பங்குனி உத்திரத்தன்று காவடிக் கூட்டத்துக்கு நடுவே குன்றக்குடியைக் கடக்கும்போது, அரை மணி நேரத்துக்குள் எத்தனை முறை பெடலை மிதித்து விடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். டிராக்குக்கு என்று கிளட்ச் வாங்கப் போகிறவர்களிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: உங்கள் கிளட்ச்சுக்குக் கடினமான இடம் கரி டிராக் இருக்கும் செட்டிபாளையத்தில் இல்லை, உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

செராமிக் பட்டன் பிளேட் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. டிராக்டர்களிலும் கனரக வண்டிகளிலும் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே வகைப் பொருள்தான் அது. உலோகமும் செராமிக்கும் சேர்த்துச் சுட்டு இறுக்கிய கட்டிகள். உராய்வு அதிகம், சூட்டைத் தாங்கும் திறனும் அதிகம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் உராய்வுக் கெழுவை 0.36 என்று வைத்தால், பிரஷர் பிளேட்டை மாற்றாமலேயே 415 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். தாளில் பார்த்தால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்தக் கட்டிகள் மெல்ல மெல்லப் பிடிப்பதில்லை. பிடித்தால் பிடி, விட்டால் விடு என்ற குணம் கொண்டவை. நின்று நகரும் ஓட்டத்தில் பிளேட் பிடித்து, விட்டு, மீண்டும் பிடித்து வண்டியையே உலுக்கும். எங்கள் பட்டறையில் இதை ஜட்டர் என்போம்.

இதில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. தவறு என்னுடையது என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் விரும்பினார் என்பதற்காக, நடுவில் ஸ்பிரிங் இல்லாத செராமிக் பட்டன் பிளேட்டை அவர் காரில் பொருத்திக் கொடுத்தேன். சாலையில் ஓட்டிப் பார்த்தோம், அருமையாக இழுத்தது. பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னார். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் நம் ஊர்ப் பழைய வீடு. பின்பக்கத்தில் கார் நிற்கும் இடம் தெருவைவிட இரண்டடி உயரம். அந்தச் சாய்வில் ரிவர்ஸில்தான் ஏற்றியாக வேண்டும். அவருடைய அப்பச்சி வண்டியில் உட்கார்ந்து ஏற்றிக் காட்டினார்கள். பின்சக்கரம் சாய்வில் தொட்டதும் வண்டி முழுவதும் நடுங்கியது, டாஷ்போர்டு தடதடத்தது, இரண்டு முறை எஞ்சின் நின்றது. மூன்றாவது முறை அவர்கள் அழுத்தி மிதித்ததும் வண்டி ஒரே தாவில் உள்ளே போய்ச் சுவருக்கு ஒரு சாண் தொலைவில் நின்றது. இறங்கி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்த வாரமே கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, என் செலவில் ஆர்கானிக் பிளேட் போட்டுக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சாய்வு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை, உயர்தர ஆர்கானிக் லைனிங் கொண்ட பிளேட்டும், அழுத்தும் விசை கம்பெனி அளவைவிட 25 முதல் 30 விழுக்காடு கூடிய பிரஷர் பிளேட்டும். எடுத்துக்காட்டுக் கணக்கில் 6,000 நியூட்டன் 7,800 ஆகும்போது, தாங்கும் அளவு 404 நியூட்டன் மீட்டராக உயர்கிறது. சூடேறி உராய்வு 0.22 ஆக இறங்கினால் அது 329. உங்கள் எஞ்சின் தருவதாகச் சொல்லப்படும் 340-க்கு இது பதினொன்று குறைகிறது. இந்தக் குறையை இன்னும் கடினமான பிரஷர் பிளேட்டால் அடைக்க நான் விரும்பவில்லை. இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பெடல் கனக்கும். அது அப்பச்சியின் முழங்காலுக்கு ஆகாது. இரண்டு, பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் வழியாக வரும் விசை கிராங்க்ஷாஃப்ட்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் மெல்லிய த்ரஸ்ட் பேரிங். பெடலின் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் சீல்களும் கூடுதல் அழுத்தத்தில் சீக்கிரம் கசியும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் செலவும் இல்லை. ரீமேப் செய்தவரிடம் திரும்பிப் போய், முறுக்குவிசையின் உச்சத்தை 300 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். 2,200 சுற்றுக்குக் கீழே அது செங்குத்தாக ஏறாமல் சரிவாக ஏறும்படியும் வரைபடத்தை மாற்றச் சொல்லுங்கள். மேல் சுற்றுகளில் கிடைக்கும் திறனை அவர் அப்படியே விட்டுவைக்கலாம். டிராக்கில் நீங்கள் பயன்படுத்துவது அந்த மேல் சுற்றுகளைத்தான், ஆகவே நேரத்தில் பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். கிளட்ச்சுக்கோ இது மறுபிறவி. சூடேறிய நிலையிலும் 329-க்கு எதிரே 300 என்றால் கையில் கொஞ்சம் இருப்பு நிற்கிறது. அவர் கொடுத்த தாளில் உள்ள 340 என்பது சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினுக்கு என்று கணக்கிட்டு எழுதியதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக் குறைக்கச் சொல்வதற்குக் கியர்பாக்ஸும் ஒரு காரணம். வோக்ஸ்வாகன் தன் மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு எம்க்யூ200, எம்க்யூ250, எம்க்யூ350 என்று பெயரிடுகிறது. அந்த எண், அந்தப் பெட்டி எத்தனை நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எழுதிய எண்ணைத் தாண்டியதும் பல் உடைந்துவிடும் என்பதில்லை. ஓரளவு இருப்பு வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் இதுவரை அதிகப்படியான விசை வந்தபோதெல்லாம் உங்கள் கிளட்ச் வழுக்கி, தான் எரிந்து, கியர்பாக்ஸைக் காப்பாற்றி வந்திருக்கிறது. வழுக்காத கிளட்ச்சைப் போட்ட அன்றிலிருந்து அந்த அடி நேராகப் பற்களுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும். பிளேட் போனால் பிளேட் விலை. பெட்டி போனால் என்ன விலை என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஃப்ளைவீல் விஷயத்தில் உங்கள் நண்பரோடு எனக்கு முழு மறுப்பு உண்டு. உங்கள் வண்டியில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 1985-இல் ஜெர்மனியின் லுக் நிறுவனம் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இந்த அமைப்பில், ஒரே சக்கரம் இரண்டு பகுதிகளாகப் பிரிந்து, நடுவே வில்போல் வளைந்த ஸ்பிரிங்குகளால் இணைந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்பிலும் தரும் உதறலை அந்த ஸ்பிரிங்குகள் வாங்கிக்கொண்டு, கியர்பாக்ஸுக்குச் சீரான சுழற்சியை மட்டும் அனுப்புகின்றன. அதைக் கழற்றிவிட்டுச் சிங்கிள் மாஸ் போட்டால், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸுக்குள் கோலிக்குண்டு உருள்வதுபோல் சத்தம் வரும். சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பற்களும், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ வளையங்களும் ஒவ்வொரு நொடியும் தட்டுப்படுவதன் ஒலி அது. பெட்ரோல் வண்டியை டிராக்குக்கென்றே ஒதுக்கியவர் சிங்கிள் மாஸ் போடட்டும், அதில் நியாயம் இருக்கிறது.

டூயல் மாஸை வைத்துக்கொள்வது என்றால் அது நல்ல நிலையில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கியதும் இரண்டு பகுதிகளுக்கும் இடையே சுழற்சித் தளர்வையும், முன்பின்னாக ஆடும் ஆட்டத்தையும் அளந்து, தயாரிப்பாளர் கொடுத்த எல்லையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஓரத்தில் கிரீஸ் கசிந்த தடம் இருந்தால் மேற்கொண்டு யோசிக்காமல் புதியது வாங்கிவிடுங்கள். உராயும் முகத்தைக் கண்ணால் பார்ப்பதும் முக்கியம். நல்ல முகம் மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். ஸ்லிப் ஆன வண்டியில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுத் திட்டாகக் கறை இருக்கும், அங்கங்கே முடிபோன்ற வெடிப்புகள் ஓடும், பிளேட்டை மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை வரும். சில நேரம் முகம் கண்ணாடிபோல் மின்னும். ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பது அந்தப் பளபளப்புக்காகத்தான். ஃப்ளைவீலில் அதே பளபளப்பு இருந்தால் பிளேட் பிடிக்காது. சிங்கிள் மாஸ் என்றால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீர்செய்துகொள்ளலாம். டூயல் மாஸ் முகத்தைக் கடைவதைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. 'லேத்தில் ஒரு கட் ஓட்டிக் கொடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிளேட்டில் அராமிட், அதாவது கெவ்லார் இழை லைனிங் ஒன்றும் சந்தையில் இருக்கிறது. மென்மையாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும், ஆனால் பழகுவதற்கு நீண்ட தூரம் பொறுமையாக ஓட்ட வேண்டும். ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறி முகம் மெழுகியதுபோல் ஆகிவிட்டால் பழைய பிடி எளிதில் திரும்பாது. உங்கள் பயன்பாட்டுக்கு நான் அதை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். இரட்டைப் பிளேட் கிளட்ச் உங்களுக்குத் தேவையே இல்லை. உராயும் முகங்கள் நான்காகி, தாங்கும் அளவு இரு மடங்காகும் அந்த அமைப்பு, இந்த எஞ்சின் எட்டவே முடியாத முறுக்குவிசைக்கானது.

வாங்கும்போது கடைக்காரரிடம் அழுத்தும் விசை எத்தனை நியூட்டன், தாங்கும் முறுக்குவிசை எத்தனை, அது குளிர்ந்த நிலையில் சொல்லும் எண்ணா சூடேறிய நிலையிலா என்று கேளுங்கள். இதற்கு எழுத்தில் விடை தராதவரிடம் வாங்காதீர்கள். கம்பெனிப் பிளேட்டுக்கே வேறு வண்ணம் பூசி விற்பவர்கள் உண்டு. டூயல் மாஸோடு பொருந்தும் பிளேட்டும் சிங்கிள் மாஸோடு பொருந்தும் பிளேட்டும் வேறு வேறு. முன்னதில் நடுவே ஸ்பிரிங் பெரும்பாலும் இருக்காது, பின்னதில் கட்டாயம் வேண்டும். இதை மாற்றி வாங்கிவிட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒரே கூலிதான் என்பதால் ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஆகியவற்றையும் அப்போதே புதிதாக மாற்றி, கிளட்ச் ஆயிலையும் மாற்றிக் காற்றெடுத்துவிடுங்கள். நீட்சியடையும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கிளட்ச் தேயும் பொருள். அதை மாற்றுவதில் சிக்கல் இல்லை. எஞ்சினில் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீட்டில் தகராறு வரும்.

பொருத்திய பிறகு முதல் 800 கிலோமீட்டர் அவசரப்படக் கூடாது. அந்தத் தூரம் நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடிக் கழிந்தால் பயனில்லை. கியர் மாற்றி மாற்றி ஊருக்குள் ஓடினால்தான் புதிய லைனிங் எதிர்முகத்தோடு ஒட்டிப் பழகிக்கொள்ளும். அதுவரை ரீமேப்பைக் கழற்றிக் கம்பெனி மேப்பில் ஓட்டுவது மிகவும் நல்லது. சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வாருங்கள். மேட்டில் கிளட்ச்சால் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் அன்று அப்பச்சியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து, சூடாக இருக்கும்போதே ரிவர்ஸில் கொட்டகைக்குள் ஏற்றட்டும். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை ஏற்றட்டும். இரண்டு முறையும் நடுக்கமில்லாமல் ஏறி, பெடல் கனமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர்கள் இல்லை என்று சொன்ன பிறகு பட்டறைக்கு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.